ஏரியை விட்டுவிடுங்கள்

டுலூத்,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மேரனுக்கு,

அலாஸ்காவில் இப்போது இருட்டவே இருட்டாதாமே. தூங்குகிறாயா? நான் தூங்குகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதங்கள் மட்டும் பாக்கி இருந்தன. எழுதுகிறவர்கள் நேரே அனுப்பிவிடுவார்கள். அவற்றைப் படித்துப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லோரும் போடுகிறார்கள். போடாவிட்டால் இவள் எதற்கோ பயப்படுகிறாள் என்று நினைப்பார்களாம்.

பயப்படுகிறேன்.

முந்நூறு பேர் வகுப்புக்கு வேதியியல் எடுத்த கெல்லரிடம் ஒன்று வாங்கலாமா என்று ஆலோசனை அலுவலகத்துத் திருமதி டோலனிடம் கேட்டேன். "அவர்கிட்டயா? உன் மார்க்கையே வாக்கியமா எழுதித் தருவாரும்மா. உன்னை நல்லாத் தெரிஞ்சவங்களா பாரு" என்று சிரித்தார்.

என்னை நன்றாகத் தெரிந்த பேராசிரியர் ஒருவர்தான். இரண்டாம் வருடப் பிப்ரவரியில், பல இரவுகள் தூங்காமல் மனம் கலங்கி உறைந்த ஏரிமேல் வெறுங்காலோடு நடந்து போனவளை, நீ போன் செய்ததும் ஓடிவந்து கரைக்குத் திருப்பிக் கூட்டிவந்தவர். மருத்துவமனையில் என் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

அந்தப் பேராசிரியர் ஆஸ்ட்பியிடமே கேட்டேன். அவருக்கு அத்தனை சந்தோஷம். "வேற யாரு எழுதுவா? அந்த ஏரியிலேர்ந்து திரும்பி வந்து என் பாடத்துல முதல் மார்க் வாங்கினவ நீ. அதைத்தான் எழுதப்போறேன்."

நன்றி சொன்னேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அதைத் தைரியம் என்று எழுதுவார். படிக்கிறவர்கள் தைரியத்தைத் தாண்டிப் படிப்பார்கள். இவளை நம்பி ஒரு நோயாளியை விடலாமா? அந்தக் கேள்வி எழும் அறையில் நான் இருக்கமாட்டேன்.

நேற்று மறுபடி போனேன். ஏரியை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"அதை எடுத்துட்டா உன்னைப் பத்தி எனக்கு என்னதான் தெரியும், இங்ரிட்?"

கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். சோதனைக்கூடத்தில் நான், என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. யோசிக்கிறேன் என்றார்.

இன்று காலை விண்ணப்ப அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: ஆஸ்ட்பியின் கடிதம் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். ஏரியோடா, ஏரி இல்லாமலா, இனி எனக்குத் தெரியவே போவதில்லை.

கம்பளிச் சட்டையை மறக்காமல் போடு. மீன் ஆலை வேலையில் கையுறை கிழிந்தால் உடனே வேறு கேள். உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

மேரன், நீ கரையில் நின்று என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். அன்று நீ பார்த்தவளை, உன் அம்மா நோயில் கிடந்தால், அந்தக் கட்டிலருகே டாக்டராக நிற்க விடுவாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் கடிதத்தையாவது நான் படிக்கலாம்.

உன்,
இங்ரிட்