இரண்டு சர்வரிலும் இல்லை

ஜூன் 3, 2025

ஸ்கேன் சென்டரில் இன்றும் அதே பஞ்சாயத்து. மூன்று சர்வரிலும் இடமில்லை. புது டிஸ்க் கேட்டால் டாக்டர் ரகுநாத், "தீபாவளி கழியட்டும் பிரகதி" என்கிறார். ஸ்னாப்ஷாட்டை நிறுத்திவிட்டேன். தினமும் கோப்புகள் இருக்கும் நிலையை அப்படியே பிடித்து வைக்கும் வசதி அது. தவறி எதையாவது அழித்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். பழைய ஸ்னாப்ஷாட்களையும் அழித்ததில் நிறைய இடம் கிடைத்தது. எப்படியும் ஒவ்வொரு படமும் இரண்டு சர்வரில் இருக்கிறதே. ஒன்று படுத்தாலும் இன்னொன்று கொடுக்கும். போதாதா?

ஜூன் 5

டாக்டர் பாராட்டினார். செலவில்லாமல் முடித்தேனாம்.

ஜூன் 12

சோதனைக்காகப் போட்டிருந்த ஃபோல்டரை அழிக்கப் போய், 2023 மார்பக ஸ்கேன் ஃபோல்டரை அழித்துவிட்டேன். போன் பேசிக்கொண்டே செய்தேன் — அப்படி என்ன பேச்சு? இன்னொரு சர்வரில் தேடினேன். அங்கேயும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியாதா? இங்கே அழித்தால் அங்கேயும் உடனே அழியும். ஸ்னாப்ஷாட் இருந்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மீட்டிருப்பேன்.

ஜூன் 13

டாக்டரிடம் சொன்னேன். "கேட்டா சர்வர் ரிப்பேருன்னு சொல்லிரு. ரெண்டு வருஷத்துப் படத்த யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததுதான் அசிங்கம்.

ஜூன் 19

கேட்டு வந்துவிட்டார் ஒருவர். இலுப்பூரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அமராவதி அக்கா. மார்பில் ஒரு கட்டி. 2023-லேயே இருந்ததாம், பயமில்லை என்று நாங்கள்தான் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இப்போது வளர்ந்திருக்கிறதா, அன்றும் இதே அளவுதானா? பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிருவோம்மா."

வெளியே வந்து அக்கா என்னிடம் கேட்டார். "பழைய படம் என்ன தாயி ஆச்சு?"

"சர்வர் ரிப்பேருக்கா."

"மிஷின்னா அப்படித்தான். அதுக்கு நீ என்ன பண்ணுவ? ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு!

ஜூன் 21

ஊசி போடும்போது அக்காவுக்குத் துணைக்கு ஆளில்லை. நான் நின்றேன். கணவர் மஸ்கட்டில். "அவுகளுக்குச் சொல்லல. அங்கிட்டு இருந்துக்கிட்டு என்ன செய்வாக?" ஊசி இறங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். கிளம்பும்போது, "நீ நல்லா இருக்கணும் தாயி."

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். யாருக்காக? எனக்காகத்தானே.

ஜூன் 24

ரிசல்ட் வரவில்லை.

ஜூன் 28

வந்தது. சாதாரணக் கட்டிதான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாசல்வரை போனவர் திரும்பி வந்து, எனக்கென்று ஒரு சீப்பு பழம் நீட்டினார். முடியவில்லை.

"ரிப்பேர் இல்லக்கா. நாந்தான் தெரியாம அழிச்சுட்டேன். அந்தப் படம் இருந்திருந்தா ஒங்களுக்கு இந்த ஊசியே தேவைப்பட்டிருக்காது."

புரியாதோ என்று நினைத்தேன். நன்றாகவே புரிந்தது.

"இத்தன நாளா எம் புள்ள மூஞ்சியப் பாத்து ஒரு வாய் சோறு திங்க முடியல" என்றார். அவ்வளவுதான். பழத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 5

நான் சொல்லிவிட்டது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு பேசுவதில்லை. டிஸ்க் மட்டும் வந்திருக்கிறது. ஸ்னாப்ஷாட்டை மறுபடி ஓடவிட்டேன்.

மத்தியானம் அமராவதி அக்கா வந்தார். எழுந்து நின்றேன்.

"இப்ப எடுத்த படத்த பிரிண்ட் போட்டுக் குடுங்க மேடம். வீட்ல நானே வச்சுக்கிறேன்."

இனிமேல் அழியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். காய்ந்துவிட்டதா என்று ஓரத்தைத் தொட்டுப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கக்கா, டீ சொல்றேன்."

"பஸ்ஸு வந்துரும் மேடம்" என்று கிளம்பினார்.