எதிர்க்கடைப் பலகையில் என் மனைவியின் பெயர்

அனுப்புநர்:
மோட்டார் உதிரிபாகக் கடை உரிமையாளர்
(தெருவில் எல்லோரும் அழைப்பது ‘பேரிங்காரர்’),
கடைவீதி, டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில்.

பெறுநர்:
வணிக உரிமம் மற்றும் பெயர்ப்பலகை அனுமதி அலுவலர் அவர்கள்,
நகரமன்ற அலுவலகம்.

பொருள்: எனது கடைக்கு நேரெதிரே, வெளிநாட்டிலிருந்து கார் உதிரிபாகம் வரவழைத்துத் தரும் கடைக்குப் புதிய பெயர்ப்பலகை வைக்க அனுமதி மறுக்கக் கோருதல், அது தொடர்பான மனவருத்தத்தைத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எவர் மீதும் எந்த அலுவலகத்துக்கும் இதுவரை நான் மனு எழுதியதில்லை. நடையில் பிழை இருந்தால் பொறுத்தருளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. மேற்படி வீதியில் நெடுங்காலமாக உதிரிபாகக் கடை நடத்தி வருகிறேன். பேரிங் முதல் பிரேக் பேட் வரை உள்ளூர் டீலர்களிடம் வாங்கி விற்கிறேன். உடைந்த பாகத்தைக் கையில் கொண்டுவந்தால் போதும், அதற்கு ஜோடியைக் கொடுத்து அன்றைக்கே வண்டியை ஓட வைப்பது எங்கள் வழக்கம். கையில் பிடித்துப் பார்த்து, சுற்றிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் வேறொன்று கேட்டு வாங்கலாம். வியாபாரம் என்றால் அதுதான் என்று நான் நம்பி வந்திருக்கிறேன்.

2. எதிர்க்கடையை நடத்துபவர் என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை. இந்தக் கடையைத் திறப்பதற்கு முன்பு அவர் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் காருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், குடும்ப விசேஷங்களுக்கு என் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்ததுதான். அவருடைய கடையில் ஒரு போல்ட் கூடக் கிடையாது. கண்ணாடிக் கதவு இருக்கிறது, சோபா இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. வருகிறவர்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு திரையில் பாகத்தைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டு சப்ளையரிடமிருந்து அது சில வாரங்களில் பார்சலில் வந்து சேர்கிறது. ஆகவே தெருவில் அவருக்குப் பெயரே ‘பார்சல்’. இல்லாத சரக்கை விற்பதற்கு இவ்வளவு கூட்டமா என்று நான் தினமும் என் கடை வாசலில் நின்று வியக்கிறேன். ஈயோட்டிக்கொண்டு நிற்பவனுக்கு வியப்பதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

3. அவர் முறையாக உரிமம் பெற்றிருக்கிறாரா, இறக்குமதித் தீர்வை செலுத்துகிறாரா என்று நானே விசாரித்தேன். துரதிர்ஷ்டவசமாகச் செலுத்துகிறார்.

4. என்னிடம் மட்டுமே வாங்கிவந்த நெட்டை மெக்கானிக் இப்போது அங்கே போகிறார். போவதோடு நில்லாமல், போகும் வழியில் என் கடையில் ஏறி, “அண்ணே, இந்த மாடலுக்கு உள்ளூர்ல கெடைக்கிறது எல்லாம் டூப்ளிகேட்டுண்ணே, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. எங்கள் டீலர் சில சமயம் மட்டமான சரக்கை அனுப்பிவிடுவார். பழகிய மனிதர் என்பதால் நான் திருப்பி அனுப்புவதில்லை, பரணில் போட்டுவிடுவேன். முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

5. இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேற்படி வெளிநாட்டு யோசனை என் சகலையின் மூளையில் உதித்தது அல்ல. அது என் மனைவியுடையது. கல்யாணமான நாளிலிருந்து என் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவர் அவர். ஒரு நாள், பழைய மாடல் கார் ஒன்றுக்கு ஸ்டியரிங் பாகம் கிடைக்காமல் ஒருவர் வெறுங்கையோடு திரும்பியபோது, “ஏங்க, இந்த மாதிரி கெடைக்காததை மட்டுமாவது வெளிநாட்டுல சொல்லி எடுத்துக் குடுத்தா என்ன? நான் பாத்துக்கறேன்” என்றார். நான், “கடல் தாண்டிப் போய் ஸ்க்ரூ வாங்கப் போறாளாம் மகாராணி” என்றேன். நெட்டை மெக்கானிக்கும் அங்கிருந்த இன்னும் சிலரும் சிரித்தார்கள். தமாஷுக்குச் சொன்னது. என் மனைவி கல்லா மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன். ஆனால் அவர் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். தங்கை தன் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவன் கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, மறுமாதமே எதிரில் கடையைத் திறந்துவிட்டான். (ஆத்திரத்தில் ஒருமையில் எழுதிவிட்டேன். ‘அவர்’ என்றே வாசித்துக்கொள்ளவும்.)

6. பிறகு மைத்துனிக்குப் பிரசவம். கடையில் ஆளில்லை என்று என் மனைவி மத்தியானம் மட்டும் அங்கே உதவிக்குப் போனார். நானே அனுப்பி வைத்தேன். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது, கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டுகிறது. என் மனைவி மட்டும் திரும்பி வரவில்லை. காலையில் வீட்டிலிருந்து என்னோடுதான் கிளம்புகிறார். என் கடை ஷட்டரைத் தூக்கும்வரை நிற்கிறார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து போய்விடுகிறார்.

7. இதனால் என் தொழிலுக்கு ஏற்பட்டுள்ள இடையூறு யாதெனில்: எங்கள் கடையில் எந்தப் பெட்டிக்கும் பெயர்ச்சீட்டு கிடையாது. காலியான டப்பாக்களிலேயே வேறு சரக்கைப் போட்டு வைப்போம். ஆகவே டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பக் கூடாது என்பது எங்கள் கடையின் முதல் விதி. எது எங்கே இருக்கிறது என்பது என் மனைவிக்குத் தெரியும். நான் ஏணியில் நின்று குரல் கொடுப்பேன், அவர் கல்லாவில் இருந்தபடியே தலை நிமிராமல் சொல்லுவார். இப்படியே இத்தனை காலம் ஓடிவிட்டது. இப்போது வாடிக்கையாளர் வாட்டர் பம்ப் கேட்டால், நான் எதிர்க்கடைக்குப் போன் செய்ய வேண்டியிருக்கிறது. என் கடையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் போனை எடுப்பது தெரிகிறது. “மேல இருந்து ரெண்டாவது தட்டு. பிரேக் ஷூ டப்பாவுக்குப் பின்னாடி கைய விடுங்க. இல்லங்க, இடது பக்கம். ஆங், அதான்” என்கிறார். அன்றொரு நாள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில், அவர்கள் சோபாவில் இருந்த ஒரு வாடிக்கையாளர் வெளியே வந்து என்னைப் பார்த்து, “அண்ணே, இது இவங்க குடோனா?” என்று சத்தமாகக் கேட்டார். டயர் கடைக்காரர் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

நானே சீட்டு எழுதி ஒட்டலாம் என்று முயன்றேன். கிளட்ச் பிளேட் என்று நான் ஒட்டிய டப்பாவில் வைப்பர் பிளேடு இருந்தது. அதற்குமேல் ஒட்டவில்லை.

8. வெளிநாட்டுச் சரக்கின் ஆபத்து பற்றியும் தெரிவிக்க வேண்டியது என் கடமை. சென்ற மாதம் ஒரு ஜோடி ஹெட்லைட் அவர்களுக்குப் பார்சலில் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியது. அது நாம் ஓட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வண்டி ஓட்டுகிற நாட்டுக்குச் செய்தது. அதை மாட்டினால் வெளிச்சம் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து, வாடிக்கையாளர்கள் முன்னிலையில், “பாத்தீங்களா, கண்ணத் தொறந்துகிட்டே குழியில விழறீங்க” என்று உரத்த குரலில் விளக்கினேன். என் மனைவி என்னை உட்காரச் சொன்னார். சகலை குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, “அக்கா காலையிலயே பாத்துட்டாங்கண்ணே, திருப்பி அனுப்பப் பேக் பண்ணியாச்சு” என்றார். சரியானதை அந்த சப்ளையரே தன் செலவில் அனுப்பிவிட்டாராம். மூக்கறுபட்டுத் திரும்பினேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

அந்த சப்ளையர் ஒரு பெண்மணி. என் மனைவியும் அவரும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். இவர் பேசுவது அவருக்குப் பாதி புரிவதில்லை, அவர் பேசுவது இவருக்கு முக்கால்வாசி புரிவதில்லை. ஆளுக்கொரு பாகத்தைத் தூக்கிக் காட்டி, தலையை ஆட்டி, பிறகு இருவரும் சிரிக்கிறார்கள். என் கடையில் என் மனைவி சிரித்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இது வேறு சிரிப்பு. சான்றாக ஒரு புகைப்படம் எடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், அப்படிச் சிரிக்கும் படம் என்னிடம் வேறில்லை.

9. இந்நிலையில்தான் பலகை எழுதும் கலைஞர் என்னிடம் வந்து ஏணி கேட்டார். கொடுத்தேன். எதிர்க்கடை முகப்பை அவர் அளந்தபோது ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றவனும் நானே. “பெருசா வைக்கப் போறாங்கபோல” என்று கேட்டதற்கு, அவர் மேலிருந்தபடியே, “ஆமாண்ணே, அக்கா பேருதான் மொதல்ல வருது. கூட்டாளி ஆயிட்டாங்கல்ல, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். ஏணியை விடாமல் பிடித்திருந்தேன் என்பதை என் நற்குணத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ளவும்.

ஐயா, என் கடைப் பலகையில் ‘பேரிங்காரர் கடை’ என்று மட்டுமே இருக்கிறது. அதற்குக் கீழேதான் அவர் அத்தனை காலமும் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை அங்கே எழுதலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதச் சொல்லி அவரும் கேட்கவில்லை. இன்னொருவன் எழுதப் போகிறான் என்றதும் வயிறு எரிகிறது. சகலையின் கூட்டம் மேல் பொறாமை, சோபா மேல் பொறாமை, முகம் தெரியாத அந்த வெளிநாட்டுப் பெண்மணி மேல்கூடப் பொறாமை. இந்த வயதில் இப்படி ஒரு பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை.

10. இதுபற்றி வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். வீட்டில் பேசாமல் இல்லை. எரிவாயு தீர்ந்தது, மகளின் கல்லூரி விடுமுறை, மாடியில் தண்ணீர் கசிவு என்று எல்லாம் பேசுகிறோம். பலகை பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “ஏங்க, ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். வெயில் என்றேன். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) மேற்படி பெயர்ப்பலகைக்கு அனுமதி மறுக்க வேண்டுகிறேன். பலகை அளவு கூடுதல், எழுத்து பெரிது, வாகன ஓட்டிகளின் கவனம் சிதறும் என்று எந்தக் காரணத்தை வேண்டுமானாலும் காட்டலாம். என்னுடைய கவனம் நிச்சயம் சிதறும்.

(ஆ) சட்டப்படி மறுக்க வழியில்லை எனில், விசாரணை ஒன்றாவது நடத்த வேண்டுகிறேன். என் மனைவியைச் சாட்சியாக அழைத்தால் அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார், மனு தள்ளுபடி ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, அவசியம் அழைக்கவும்.

(இ) ஆனால் என்னையும் என் மனைவியையும் ஒரே நாளில், ஒரே நேரத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். சகலையை வேறொரு நாளில் தனியாக அழைத்துக்கொள்ளவும். தங்கள் அலுவலகம் எங்கள் வீதியிலிருந்து காரில் அரைமணி நேரத் தொலைவு. அவர் முன் சீட்டில் உட்காருவார். எதிரெதிரே நின்று முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “நம்ம கடைக்குத் திரும்பி வர்றியா?” என்று கேட்டுவிடுவேன். அவர் மாட்டேன் என்று சொன்னாலும் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கலாம். போகும் வழியிலேயே அவர் சரி என்று சொல்லிவிட்டால், தங்களுக்குத் தொந்தரவு தராமல் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவோம். நாங்கள் வரவில்லை என்றால் மனுவை முடித்துவைத்துவிடவும். வந்துவிட்டோம் என்றால், எங்களை வெகுநேரம் காக்கவைத்து, திரும்பிப் போகிற அரைமணி நேரத்துக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வர உதவ வேண்டுகிறேன்.

இங்ஙனம் பணிவுடன்,
(கையொப்பம்)
பேரிங்காரர்

நாள்: புதன்கிழமை, மத்தியானம்
இடம்: என் கடை, ஆளில்லாத கல்லா