பின்வாசல் சாவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலி ஓரளவு அடங்கியிருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

போன கடிதத்தில், சுதந்திரம் என்றால் என்ன என்ற உன் ஆராய்ச்சி பற்றி எழுதியிருந்தாய். என்னை யாராவது தடுக்கிறார்களா என்று கேட்பவர் தாராளவாதி, நினைத்தால் தடுக்கக்கூடிய இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பவர் குடியரசுவாதி. இரண்டும் ஒன்றுதானே என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நம் குடியிருப்பின் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், சாவி சங்கச் செயலாளரிடம். பிள்ளைகள் அவரைச் சர்க்கரை மாமா என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவு இனிமையான மனிதர். அந்த வழியாகப் போனால் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை பக்கம், முன்வாசல் என்றால் பக்கத்திலுள்ள கிடங்கு முழுவதையும் சுற்றிப் போக வேண்டும். தினமும் காலையில் அவர் வீட்டு மணியை அடிப்பேன். வாங்கக்கா, உங்களுக்கு இல்லாத சாவியா என்பார். ஒரு நாளும் மறுத்ததில்லை. ஒருமுறை படி இறங்கும்போதுதான் கவனித்தேன், அவருடைய அரதப்பழசான ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் செடித்தொட்டிகள் நம் நடையை அடைப்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான்.

வீட்டுக்கு ஒரு சாவி வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கப் போவதாக அப்பாவிடம் சொன்னேன். கேட்டா குடுக்கிறாரு, எதுக்கு இந்த வேண்டாத வேலை, நம்மள யாரும் சீண்டாம விட்டா போதாதா என்றார். ஆனாலும் கூட வந்தார்.

நம் சங்கத்தின் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்காது. ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டும், தூக்காத வீடெல்லாம் எதிர்ப்பு. வீட்டுக்கு ஒரு கை. நான் பேசி முடித்துக் கையைத் தூக்கினேன், மூன்றாம் மாடித் தையல்காரம்மா உடனே தூக்கினார், தயங்கித் தயங்கி இன்னும் சில கைகள். எண்ணிக்கொண்டு வந்த பொருளாளர் என் முன்னால் நின்றார். அக்கா, பத்திரம் சார் பேர்ல இருக்கு, உங்க கை கணக்குல வராதே என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஒரு வீடு குறைந்ததால் என் கோரிக்கை தோற்றது. மனசுல வெச்சுக்காதீங்கக்கா, சாவி எப்பவும் உங்களுக்கு உண்டு என்றார் செயலாளர். மனமாரத்தான் சொன்னார்.

நான் யாருக்கும் எதிரா இல்ல, ஒதுங்கி இருந்தேன், அவ்வளவுதான் என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும். மறுநாள் அவராகவே ஆரம்பித்தார். அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் குடுத்துடறேன், எனக்குப் பதிலா நீயே தூக்கிக்கோ. அதையும் உங்ககிட்ட கேட்டுத்தானே வாங்கணும் என்றேன்.

பத்திரத்தில் என் பெயரையும் சேர்க்க என்ன வழி என்று பதிவு அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்தேன். அவர் கையெழுத்து வேண்டுமாம். கேட்கத்தான் போகிறேன், இந்த ஒரு தடவை.

உன்னை யாரும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் விடுதிக் கூட்டத்துக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். போய்விட்டு வா. உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்தபடி நன்றாக வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா