அவன் என்னைக் கேட்டானா

கீழப்பழுவூர்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் குழந்தைவேலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் அங்கே கை கால் சுகத்தோடு, முக்கியமாக உயிரோடு இருக்கிறாய் என்று மாரியம்மனை நம்பி எழுதுகிறேன். உயிரோடு என்று எதற்கு எழுதுகிறேன் என்பது உனக்கே தெரியும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று நடுவிலேயே வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம். உன்னோடு படித்த பரிமளா டாக்டர் நேற்று வீட்டுக்கு வந்தாள். ஆவணியில ரெண்டாவது சுத்து இருக்கும்மா, முதல்ல வந்தவங்களே திரும்ப வரணும், நீங்க வரலைன்னா அவன் ஆராய்ச்சி பாதியில நின்னுடும், அவன்தான் கேட்டுட்டு வரச் சொன்னான் என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனாள். நான் வரமாட்டேன். ஏன் வரமாட்டேன் என்பதை முழுசாகப் படி, மீட்டிங் இருந்தாலும் படி.

முதல் சுற்றுக்கு என்னை எப்படி அனுப்பினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? போனில் எப்படிக் கொஞ்சினாய்! அம்மா, டாக்டருக்குப் படிக்கிற பசங்க நோயாளிகிட்டயும் கூட வந்தவங்ககிட்டயும் எப்படிப் பேசணும்னு பழகுறாங்க, நீ சும்மா உக்காந்து கேட்டாப் போதும், அவங்க பேசினது எப்படி இருந்துச்சுன்னு மார்க்கு போட்டாப் போதும் என்றாய். வருஷக்கணக்காக ஊர்ப்பக்கம் வராத பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு முத்தாயியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு, சிமெண்டு லாரிப் புழுதியில் நின்று பஸ் ஏறிப் போனேன். பரிமளா வேலை பார்க்கிற மெடிக்கல் காலேஜ் வாசலில் ஒரு பெண் உங்க மகன் பேரு என்னம்மா என்று கேட்டது. நான் பெருமையில் டாக்டர் சா. குழந்தைவேல், இங்கிலாந்துல இருக்கான் என்று அங்கே நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னேன். எதுக்கும்மா கேக்குற என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்டேனா? கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். முத்தாயிக்கு முட்டிவலிக்காரி வேஷம். ஐயோ முட்டி ஐயோ முட்டி என்று சொல்லிவிட்டு, கொடுத்த பொங்கலையும் வடையையும் தின்றுவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். எனக்கு நீ எழுதி வைத்த வேஷம் என்ன? மகனைப் பறிகொடுத்தவள். ஒரே மகன், வயது முப்பத்தாறு, பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்தவன். பேரை மட்டும் காலியாக விட்டிருந்தாய். அதை நான் என் வாயாலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.

பசங்கள் கையில் இருந்த தாளில் எல்லாம் உன் பேர் ஏறிவிட்டது. நான் எழுந்துகொண்டேன். நடிப்புதானேம்மா, இதெல்லாம் உங்க மகன் வேலைதானே என்று பரிமளா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உன் வேலை என்று சொன்னதால் உட்கார்ந்தேன், வேறு யார் வேலையாக இருந்தாலும் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாத்தியார்கள், மேலே கேமரா. முதலில் வந்த பையன் நின்றபடியே, என் முகத்தைப் பார்க்காமல், குழந்தைவேல் எக்ஸ்பயர்டு என்றான், மாத்திரை அட்டையைப் பார்த்துச் சொல்கிறவன் மாதிரி. அடுத்தவன் தலையில் அடிபட்டது, ரத்தம் போனது என்று பரீட்சைக்கு ஒப்பிக்கிறான். செத்ததைச் சொல்ல மறந்தே போனான். ஒவ்வொருவனாக உள்ளே வந்து வந்து உன்னைச் சாகடித்துவிட்டுப் போனான்டா. நான் ஒவ்வொருவனிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், கடைசியா என்னைக் கேட்டானா என்று. அதுங்க தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது இதுல இல்லைங்கம்மா என்றன.

பிறகு ஆர்த்தி என்று ஒரு பெண் வந்தது, பூலாம்பாடியாம். வந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தது, தண்ணீர் கொடுத்தது, துணைக்கு யாரு வந்திருக்காங்கம்மா என்று கேட்டது. அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க புள்ளையக் காப்பாத்த முடியலம்மா என்று சொன்னது. அத்தனை நேரம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போது தாங்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு கத்திவிட்டேன். குழந்தைவேலு குழந்தைவேலு என்று ஒப்பாரியே வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணும் அழுதது. அதனிடமும் கேட்டேன், என்னைக் கேட்டானா? தாளைப் பார்க்கவே இல்லை. கேட்டாரும்மா, கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டாரு என்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவளுக்கு முழு மார்க்கும் போட்டேன். அதை நீங்கள் குறைத்திருக்கிறீர்கள் என்று நேற்றுப் பரிமளா சொல்லித்தான் தெரியும்! தாளில் இல்லாததைச் சொன்னாளாம், தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டுமாம், அந்தச் சட்டம் நீ எழுதியதாம். பொய் சொல்லக் கூடாதுதான், உன் சட்டம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த அறையில் என்னை மனுஷியாக நடத்தியது அவள் ஒருத்திதான், அவளைத் தேடிப்பிடித்துத் தண்டித்திருக்கிறாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தே உனக்குப் போன் போட்டேன். உன் குரலைக் கேட்டால் போதும் என்று இருந்தது. நீ எடுக்கவில்லை. மீட்டிங், அப்புறம் பேசறேன் என்று ஒரு வரி அனுப்பினாய். அதைப் பார்த்துத்தான் நீ இருக்கிறாய் என்று சமாதானம் செய்துகொண்டேன். முத்தாயி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, உன் அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். பெத்த புள்ள பேரைச் சொல்லி ஒப்பாரி வச்சுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று மனுஷன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் கோயிலுக்குப் போய்ச் சூறைத்தேங்காய் உடைத்து, உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தார். இன்றைக்கு வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து நீ பேசினாய். என்ன சொன்னாய்? அம்மா, வீடியோ பாத்தேன், சூப்பரா வந்திருக்கு, நீ அழுதது அவ்ளோ இயல்பா இருக்கு என்றாய். அட பாவி! நீ செத்துப்போனாய் என்று உன் அம்மா அழுகிறாள், அதை நீ காபி குடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாய். எப்படி இருக்கம்மா, ராத்திரி தூங்குனியா என்று ஒரு வார்த்தை உன் வாயில் வந்ததா? கெட்ட சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு, கேட்டவளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுப்பது?

உன் தங்கை புவனேஸ்வரி மீன்சுருட்டியிலிருந்து தினமும் போன் பண்ணுகிறாள். பிள்ளைக்கு ஆவணியில் காதுகுத்து, மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும். அண்ணன் வீடியோ கால்ல வரேங்குதும்மா, போனு மேலயா புள்ளைய உக்கார வைக்கிறது என்று அழுகிறாள். உனக்கு லீவு இல்லையாம். அதே ஆவணியில் நான் மட்டும் போய் உனக்காக மறுபடியும் அழ வேண்டுமாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது என்று அன்றைக்கு வெளியே வரும்போது ஆர்த்தி சொன்னது. நான் விலகிக்கொள்கிறேன். அந்த வீடியோவை அழித்துவிடு. அவளுக்குக் குறைத்த மார்க்கைத் திருப்பிக் கொடு. உன் ஆராய்ச்சி நின்றால் நிற்கட்டும், எனக்குக் கவலை இல்லை.

ஆள் வேண்டும்தான் என்றால் தாளை மாற்றி எழுது. இந்தத் தடவை செத்தது அம்மா என்று எழுது, பேரைக் காலியாக விடாதே, வீரம்மாள் என்றே போடு. அந்த நாற்காலியில் நீ வந்து உட்கார். ஆர்த்தியையே வந்து சொல்லச் சொல். நீயும் கேட்பாய்டா, கடைசியா அம்மா என்னைக் கேட்டாங்களா என்று. அந்தப் பெண் அப்போது தாளைத் தாண்டி எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க என்று தாளிலேயே எழுதி வை, அதைப் பார்த்தே சொல்லட்டும். அதில் பொய் இல்லை, நீ மார்க்கு குறைக்க முடியாது.

அது குளிர் ஊர், காதை மூடிக்கொண்டு வெளியே போ. எத்தனை பேர் என்ன சொன்னாலும் நீ நூறு வயது இருப்பாய், இது உன்னைப் பெற்ற வயிறு சொல்கிறது. காதுகுத்துக்கு மடியோடு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அம்மா,
சா. வீரம்மாள்