என் பெயரில் உன் சாம்பல்

மச்சான்,

நீ வாங்கிய படம் இன்னும் என் அறைச் சுவரில்தான் தொங்குகிறது. காலையில் அதன் தூசியைத் துடைக்கப் போனேன், கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பாரிசில் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் பழஞ்சாமான் விற்பவனிடம் அதை வாங்கிவந்து, "இஞ்சை பார், எங்கடை புதுக்குடியிருப்பு" என்று காட்டினாய். சண்டையில் இடிந்த நம்மூர் போலவே கூரையில்லாத வீடுகள், தெரு முழுக்கக் கல். கீழே இருந்த பிரெஞ்சை வாசித்துவிட்டு நான் சிரித்தேன். குவாதலூப் தீவில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புவாந்த்-அ-பித்ர் துறைமுகம் அது. 1843இல் நிலநடுக்கம் இடித்தது, மிச்சத்தை நெருப்புத் தின்றது. அப்போது அங்கே அடிமைகளும் இருந்தார்கள் என்று போனில் பார்த்துச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"செத்த அடிமையளின்ரை பேரை ஆரும் எழுதி வைச்சாங்களோ?"

"ஆர் கண்டது" என்றேன்.

"ஓம், வேலைக்கு மட்டும்தான் ஆள் வேணும்" என்றாய்.

உனக்கு விசா இல்லை. என் வதிவிடக் கார்ட்டைக் கொடுத்து, என் பெயரிலேயே உன்னை ரூ பிலிப்-து-ஜிரார் தெரு உணவகத்தில் சேர்த்துவிட்டவன் நான்தான். நம்மவர்கள் செய்கிற உதவிதானே என்று நினைத்தேன். கறிச்சட்டி கழுவும்போது உன் நெஞ்சு நின்றுபோனது. முதலாளி ஆஸ்பத்திரியில் என் கார்ட்டை நீட்டினான். செத்தது நான் என்று எழுதிவிட்டார்கள்.

"வாயைத் திறந்தா ரெண்டு பேரும் உள்ளைதான். செத்தவனுக்குப் பேர் என்னத்துக்கு?" என்றான் முதலாளி என்னிடம். அவன் நாக்கு அழுக. நானும் வாயை மூடிக்கொண்டேன், அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. உன்மேலும் கோபம்தான். நெஞ்சு நோகுதென்று ஒரு வார்த்தை சொன்னாயா? டாக்டரிடம் போனால் கார்ட் பிடிபட்டுவிடும், நான் மாட்டிக்கொள்வேன் என்று பேசாமல் இருந்தாய், மடையா.

முல்லைத்தீவிலிருந்து உன் அம்மா மூன்று கிழமையாக எனக்குப் போன் எடுக்கிறா. "அவன் ஏன் தம்பி கதைக்கிறானில்லை?" வேலை கூடிப்போச்சு என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை உண்மையைச் சொன்னேன். அவ அழுத அழுகையை எழுத என்னால் முடியாது. கடைசியில் ஒன்றுதான் கேட்டா: "ஆரின்ரை பேரிலை தம்பி எரிச்சவை?"

முதலாளி கொண்டுவந்து தந்த சாம்பல் பெட்டி என் மேசையில் இருக்கிறது. மூடியில் என் பெயர், நான் பிறந்த தேதி. அதைத் தூக்கிக்கொண்டு இப்போது பொலிசுக்குப் போகிறேன். கார்ட்டைப் பறிக்கட்டும், உள்ளே போடட்டும். அந்தத் துறைமுகத்தில் செத்தவர்களுக்காகக் கேட்க ஆளில்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

வாசலில் பெயர் கேட்பார்கள். முதலில் உன் பெயரைத்தான் சொல்வேன்.