பாலத்தைத் தாண்டிய பாட்டு

தெருவையே உலுக்கி எழுப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலச் சிரிக்கும் என் அண்ணாவுக்கு,

உன்னிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை. நீ பேசுவாய், நான் கேட்பேன். வண்டியில் புகைக்குழாய்க்கு மாட்டுகிற சைலன்சரின் பெயரை எனக்கு வைத்ததும் நீதான். "எங்க வீட்ல ரெண்டு சைலன்சர். ஒண்ணு குட்டியானைல இருக்கு, ஒண்ணு பி.காம் படிச்சிருக்கு" என்று நம் உப்பளம் வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்தாய். இப்போது நீ பேச முடியாத இடத்தில் இருப்பதால் என் முறை வந்திருக்கிறது.

மாசிமகம் முடிந்துவிட்டது அண்ணா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாசிமகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நம் தெரு அம்மனை உன் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, பின்னால் நான்கு பெட்டி ஸ்பீக்கரும் இரண்டு பேஸ் பெட்டியும் அடுக்கி, கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்பட்டாய். பாட்டு ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் வண்டியின் முன்விளக்கு மங்கி மங்கி எரிந்தது. நீ அதை அழகு என்று நினைத்தாய். "லைட்டும் ஆடுது பாரு" என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாய். வாய்க்கால் பாலத்தின் மேல் பாட்டு நின்றது. வண்டியும் நின்றது. பூவும் பட்டுமாக அம்மன் மேலே உட்கார்ந்திருக்க, தெரு ஆண்கள் எல்லோரும் கடற்கரை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் உன் பெயர் தள்ளுவண்டிக்காரன். நீ கோபப்படவில்லை. கடலிலிருந்து திரும்பியதும் கோயில் மைக்கை வாங்கி, "அடுத்த வருஷம் கடல் வரைக்கும் பாட்டு நிக்காது. அம்மா மேல ஆணை" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

மறுவாரமே பெரிய பேட்டரி ஒன்று வாங்கி வந்து மாட்டினாய். அதுவும் ஆடிமாதக் கூழ் ஊற்றலில் பாதியில் இறங்கிவிட்டது. தவளக்குப்பத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் பழனி அண்ணன்தான் காரணத்தைச் சொன்னார். குடத்தைப் பெரிதாக்கிவிட்டாய், குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வருகிறது. பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் டைனமோ வண்டியோடு வந்த அதே சின்ன டைனமோ. கடலூர் ரோட்டில் வேகமாகப் போகும்போது அது ஈடுகொடுக்கும். ஊர்வலத்தில் வண்டி நடக்கிறது. நடக்கிற வண்டியில் டைனமோ என்னத்தைச் சுரக்கும்?

அதனால் பெரிய டைனமோ சொல்லிவைத்தாய். அது வந்துவிட்டது என்று பழனி அண்ணன் போன் செய்த ஐப்பசி மழைநாளில்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போனாய். தவளக்குப்பம் முனைக்குக் கொஞ்சம் முன்னால் லாரி. அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது?

உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

அம்மா அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. "அந்தப் பாட்டுப் பொட்டிக்காகப் போய்த்தான எம்புள்ள செத்தான். ஒடச்சிப் போடுங்க" என்பாள். உன் நண்பன் ஏழுமலை அண்ணன்தான் சேதராப்பட்டுக்கு லோடு அடித்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவரும் பாட்டு போடுவதில்லை. தை மாதம் கடலூரிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். வண்டி போதும், பாட்டுச் செட்டைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள் என்றார். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள்.

நான் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "மாசிமகம் வரைக்கும் இருக்கட்டும்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் எதையும் கேட்கிறவள் இல்லையே.

"எதுக்குடி?"

"அண்ணன் மைக்ல சொல்லிடுச்சு."

அம்மா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அதோட சரி. மறுநாள் கடலூர்க்காரன் வந்து எடுத்துக்கட்டும்" என்றாள்.

ஆனால் அம்மா சம்மதித்தால் போதாது. சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பும்வரை நமக்குத் திருவிழா இல்லை, கோயில் இல்லை. அந்த வீட்டு வண்டியில் அம்மனை ஏற்றலாமா என்று கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டி செத்தவன் பேர்லதான இருக்கு? அப்போ வண்டிக்கும் தீட்டுதான்" என்றார் ஒருவர். அரியாங்குப்பத்திலிருந்து டிராக்டர் பிடிக்கலாம் என்றார் இன்னொருவர்.

ஏழுமலை அண்ணன் எழுந்தார். "வண்டிக்கு ஏதுங்க தீட்டு? அது என்னா மொட்டையா அடிச்சிக்கிச்சு? நேத்துகூட எங்கூட சேதராப்பட்டு வந்துச்சு."

தர்மகர்த்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு முடிவு சொன்னார். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு வண்டி போகலாம். ஓட்டுவது ஏழுமலை. காப்புக் கட்டும் நாளிலிருந்து நம் வீட்டார் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. நம் வாசலில் அம்மன் நிற்காது.

எனவே என்ன செய்வதானாலும் காப்புக்கு முன்பே செய்தாக வேண்டும். நான் தவளக்குப்பம் போனேன். பழனி அண்ணன் கடையில் மேல்தட்டில் அந்த டைனமோ அட்டைப்பெட்டியோடு இருந்தது. பெட்டியில் உன் பெயர்.

"நாலு பேர் கேட்டாங்க, தங்கச்சி. குடுக்க மனசு வர்ல" என்றார். பிறகு, நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தவர் போல, "உங்க அண்ணன் வண்டிக்கு ஸ்பீக்கர் வாங்கற ஆளா? ஸ்பீக்கருக்கு வண்டி வாங்கன ஆளு" என்றார். நான் சிரித்துவிட்டேன். உன்னை நினைத்துச் சிரித்தது அந்த ஐப்பசிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. நான் டார்ச் பிடித்தேன். புது டைனமோ ஏறியது. பாட்டுக்கென்று பின்னால் தனி பேட்டரி வைத்தார். அது இறங்கினாலும் வண்டி நிற்காது, தள்ள வேண்டி வராது. நீ இழுத்திருந்த வீட்டு ஒயரை எடுத்துக் காட்டி, "இது டியூப்லைட்டுக்குப் போடறது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பதில் என் சுண்டுவிரல் கனத்துக்குச் செம்புக் கேபிள், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். கடைசியில் சேஸியில் எர்த் கொடுத்திருந்த போல்ட்டைக் கழற்றினார். உப்புக்காற்றில் பச்சை பூத்துத் துருவேறிக் கிடந்தது. நீ பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முறுக்கியிருந்தாய்; மின்சாரம் எப்படித் திரும்பும்? உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினார்.

ஆனால் சத்தமாக வைத்துப் பார்க்க முடியவில்லை. உள்ளே அம்மா படுத்திருந்தாள். சன்னமாகத்தான் போட்டோம். விளக்கு ஆடவில்லை. முழுச் சத்தத்தில் என்ன ஆகும் என்று பழனி அண்ணனுக்கும் தெரியாது. "நிக்காது" என்றார். பிறகு, "நிக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் காப்புக் கட்டினார்கள். அதற்குப் பிறகு வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

மாசிமகத்தன்று காலை நம் கதவைச் சாத்திவிட்டோம். தெருவெல்லாம் கோலம், நம் வாசலில் வெறும் தரை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காம்பையே திரும்பத் திரும்ப உருவிக்கொண்டிருந்தேன். அம்மன் பாட்டு கோயில் பக்கமிருந்து கிளம்பி வந்தது. நம் வாசலைக் கடக்கும்போது சாத்திய கதவு நடுங்கியது. நிற்காமல் போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கை மட்டும் கும்பிட்டது.

பாலம் வந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டபோது பாட்டு நின்றது.

அம்மாவின் கை கீரையிலேயே நின்றது. ஒரு சத்தமும் இல்லை. ஆணையிட்டுச் சொன்னது நீ. மறுபடியும் தள்ளுவண்டிக்காரன் என்பார்களே, பதில் சொல்லக்கூட நீ இல்லையே என்று நினைத்தேன்.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. ஏழுமலை அண்ணன் பாட்டு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா கொஞ்சநேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "ஏன்டி இவ்ளோ மெதுவா வெச்சிருக்கான்? அவன் வெச்சா அந்தாண்டேர்ந்தே இங்க டம்ளர் ஆடும்."

நான் அவளையே பார்த்தேன். தினமும் உன்னிடம் சத்தத்தைக் குறை, குறை என்று கத்தியவள் இவள்தானா?

"என்னாத்த பாக்கற? போன் போட்டுச் சொல்லு. போனுக்குமா தீட்டு?"

போட்டேன். அந்த இரைச்சலில் ஏழுமலை அண்ணனுக்கு நான் பேசுவது கேட்கவில்லை. "என்னா, என்னா?" என்கிறார். கதவுதானே சாத்தியிருக்கிறது என்று ஜன்னலோரம் போய்க் கத்தினேன், "சத்தமா வைங்கண்ணா, அம்மா கேக்கறாங்க." எதிர்வீட்டில் பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறாரே, தெருவே சொல்தா என்று கூப்பிடுகிற சிப்பாய்ப் பெரியவர், "பீரங்கியே தேவல" என்று உன்னைத் திட்டுவாரே, அவர் வாசலுக்கே வந்து நம் வீட்டைப் பார்த்தார். இந்த வீட்டுப் பெண்ணுக்குக் குரல் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

பாட்டு உயர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. அம்மா எழுந்து அவற்றைத் தள்ளி வைக்கவில்லை. பாட்டு பாலத்தைத் தாண்டியது, தேய்ந்து தேய்ந்து கடற்கரைப் பக்கம் போனது. வேட்டுச் சத்தம் கேட்கும்வரை, அம்மன் தண்ணீரில் இறங்கும்வரை, அறுபடவே இல்லை அண்ணா.

மறுநாள் கடலூர்க்காரர் போன் செய்தார். அம்மாதான் எடுத்தாள். "செட்டக் கழட்டிட்டா அது என்னாத்துக்கு ஆவும்? இல்லைங்க, குடுக்கறதா இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உன் வருஷத் திதி முடிந்து வரும் மாசிமகத்தில் நம் வாசலில் அம்மன் நிற்கும். அம்மா தட்டோடு நிற்பாள். அதுவரை மாதம் ஒருமுறை அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கிவைப்பது என் பொறுப்பு. காற்றில் உப்பு இருக்கும்வரை அதை விடமாட்டேன்.

உன் ஒரே தங்கச்சி சுகன்யா,
நீ வைத்த பெயரில், வீட்டின் இரண்டாவது சைலன்சர்.