ஓடுகிற வண்டிக்கு ஊற்றுகிற ஆயில்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நானும் சுகம் என்றுதான் போன கடிதத்தில் எழுதினேன், அதில் பாதி பொய். எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறதே என்று பார்க்காதே, காரணம் சொல்கிறேன், திட்டாமல் படி. போன வாரம் நம் பழைய காருக்கு நானே பிரேக் ஆயில் மாற்றினேன். முன்பெல்லாம் உன் அம்மா உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பாள், நான் சக்கரத்தடியில் படுத்து பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவேன், கால் வலிக்குது, சீக்கிரம் எழுந்திரும் என்று கத்துவாள். இந்தத் தடவை ஒண்டி ஆளாகச் செய்தேன். மறுநாள் வண்டியை எடுத்தால் பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, நேரே போய் கேட்டில் முட்டித்தான் நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை, கேட்டுக்குத்தான் இடுப்பு ஒடிந்தது.

மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன சார், இது ஊதா கலரு, பழைய ஆயிலோட சேரவே சேராதே, பாட்டில்ல போட்டிருக்கே, பாக்கலையா என்றார். பார்த்தேன் குட்டிம்மா, எழுத்து தெரியவில்லை. டாக்டர் ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டார், இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, திரும்பாது, வண்டி ஓட்டக் கூடாது என்று. உன்னிடம் மறைத்தேன். ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூட்டிவர முடியாதே என்றுதான் டாக்டர் சொன்ன அன்றைக்கு அழுதேன். இது குடும்பத்தில் வருமாம், நீயும் கண்ணைக் காட்டிக்கொள், தள்ளிப்போடாதே.

எல்லாவற்றையும் கழுவி, ரப்பரெல்லாம் புதிதாகப் போட்ட பிறகு மெக்கானிக் கேட்டார், நிக்கிற வண்டின்னா ஊதாதான் நல்லது, தண்ணி இழுக்காது, வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். ஓடுற வண்டின்னா பழைய வகையே ஊத்தலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், எதை ஊத்த சார் என்று. அம்மா போனபோது வந்தவள் நீ, இரண்டு வருஷம் ஆகிறது. குறை சொல்லவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்கிற வண்டி என்று சொல்ல மனசு வரவில்லை. மகள் வந்து ஓட்டுவாள் என்று சொல்லிவிட்டேன். அவர் பழைய வகையையே ஊற்றினார். அவர் காற்றெடுக்க, அம்மா இடத்தில் உட்கார்ந்து நான் மிதித்தேன். கால் வலிக்கத்தான் செய்கிறது.

அடுத்து மாற்றவேண்டிய தேதியை எழுதி மூடிமேல் ஒட்டியிருக்கிறார். விரலால் தடவிப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. நீ வந்து படித்துச் சொல்.

இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். கண் டாக்டரை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா